கத்துவதற்கு ஓர் ஆள்

“அம்மா, இனிமே என்னால கத்த முடியாது,” என்றான் பிச்சையா.

மடத்துத் தலைவி செண்பகத்தம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“தொண்டை கட்டிருச்சா?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசுதான் விட்டுப்போச்சு.”

“உக்காரு,” என்றாள் அம்மா.

அவன் உட்கார்ந்தான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் அவனைக் கிணற்றிலிருந்து தூக்கியிருந்தார்கள்.

கிணற்றில் அவன் தவறி விழவில்லை. விழுவதுதான் அவன் வேலை.

*

நாரைமலை மடத்தில் எல்லோருக்கும் அம்மா கொடுத்த ஏதாவது ஒரு சக்தி உண்டு.

வானமாமலை பறப்பார். மாசானமுத்து பாறையை முறுக்கு மாதிரி நொறுக்குவார். ஆவுடைத்தங்கத்துக்குத் தூரக்காது, மலைமேல் உட்கார்ந்துகொண்டே அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை விக்குவதைக் கேட்பார். இசக்கி மறைந்துவிடுவார். அவர் மடத்தில் இருக்கிறாரா, ஊருக்குப் போயிருக்கிறாரா என்பது சாப்பாட்டு நேரத்தில் இலை காலியாவதை வைத்துத்தான் தெரியும்.

மடத்து ஆண்கள் கோவணத்தை வேட்டிக்கு மேலே கட்டுவார்கள். துண்டைத் தோளில் போடாமல் கழுத்தில் முடிந்து முதுகில் பறக்கவிடுவார்கள். ஆவுடை, சேலைக்கு மேலே ஒரு சிவப்புப் பட்டையோடு நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் எதற்கு என்று அம்மாவிடம் கேட்கிற தைரியம் மட்டும் அந்த வீரர்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

பிச்சையா கோவணத்தை ஊர் உலகத்தைப் போல உள்ளேதான் கட்டினான். துண்டு தோளில் கிடந்தது. அவனுக்குச் சக்தி கிடையாது.

அவன் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவன். “பணகுடி, ஆரல்வாய்மொழி, நாகர்கோயில்!” என்று கூவி ஆள் ஏற்றுவது அவன் பிழைப்பு. ஒருநாள் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி, பயந்து கத்திய ஒரு பிள்ளையை, வானத்திலிருந்து வந்து வானமாமலை கொத்திக்கொண்டு போனதைப் பார்த்தான். அந்தப் பிள்ளையின் தாய் வானமாமலையைக் கையெடுத்துக் கும்பிட்டதையும் பார்த்தான்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டு மலையேறிவிட்டான்.

“உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டாள் அம்மா.

“கத்தத் தெரியும்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள்.

காப்பாற்றிப் பழக வேண்டுமானால், காப்பாற்றப்பட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அன்றிலிருந்து அந்த ஆள் பிச்சையா. காலையில் கிணறு. மத்தியானம் பனைமரத்து உச்சி. சாயங்காலம் மலை விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குவது. “ஐயோ, காப்பாத்துங்க!” என்று அவன் குரல் கொடுப்பான். முறை வைத்துக்கொண்டு வீரர்கள் வருவார்கள். தூக்கி வந்து தரையில் வைப்பார்கள். கோவணத்தைச் சரிசெய்துகொண்டு போவார்கள்.

கத்தாமல் யாரும் வரமாட்டார்கள். அது மடத்துச் சட்டம். முன்னொரு காலத்தில் கேட்காமலே காப்பாற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அப்படி ஒருதரம், ஆற்றில் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் நடுக்கடைவீதியில் இறக்கிவிட்டார்கள். அவளுடைய அண்ணன் தம்பிகள் கம்போடு மலையேறி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னாள்: “கத்துனவங்களை மட்டும் காப்பாத்துங்க. கத்துனவங்களைக் காப்பாத்தாம விடாதீங்க.”

வீரர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். வீரர்களுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

*

“நான் எத்தனையோ வருஷமா கத்துதேன்,” என்றான் பிச்சையா. “எல்லாரும் என்னைக் காப்பாத்தியாச்சு. நேத்து வந்தவன்கூடக் காப்பாத்திட்டான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தரை நான் காப்பாத்தணும் அம்மா. எனக்கும் ஒரு சக்தி குடுங்க.”

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் வேறு பக்கத்தில் இருந்தது. அது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

அம்மா வலது கையை நீட்டி மூடினாள்.

“இந்தா, இருக்கு. குடுக்கேன்.”

பிச்சையா அந்தக் கையையே பார்த்தான்.

“ஆனா உன் இடத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிட்டு வா. கத்த ஆள் இல்லாம, காப்பாத்துறவங்களை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

பிச்சையா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

*

மாசானமுத்து தேங்காய்களை வரிசையாக வைத்து விரலால் சுண்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, என் வேலையை நீங்க எடுத்துக்கிடுதீங்களா?”

“என்ன வேலைவே?”

“கிணத்துல கிடந்து கத்துறது.”

“நான் கிணத்துல இறங்கினா தண்ணி எல்லாம் வெளிய வந்துரும். போவும், போவும்.”

ஆவுடைத்தங்கம் காதைப் பொத்திக்கொண்டார். “நானே கத்தி நானே கேக்கணுமா? காது தாங்காது தம்பி.”

இசக்கி இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கேட்டான். பதில் இல்லை. இல்லை என்று சொன்னாரா, அங்கே இல்லவே இல்லையா என்பது தெரியவில்லை.

கடைசியில் வானமாமலையிடம் போனான். அவர் வேப்பமரத்துக்கு மேலே காற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டதும் சிரித்தார். சிரித்த சிரிப்பில் ஓர் ஆள் உயரம் இறங்கி வந்துவிட்டார்.

“கத்துறதுல்லாம் ஒரு வேலையாவே? வாயைத் திறந்தா சத்தம் வரும். ஒருநாள் செஞ்சு காட்டுதேன், பாரும். நாளைக் காலைல ஒத்தைப்பாறை உச்சில உக்காந்து கத்துதேன். போதுமா?”

பிச்சையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல மனுஷன், சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். அங்கேதான் தவறு செய்தான்.

“வாயைத் திறந்தா மட்டும் வராது அண்ணாச்சி. பொய்க் கத்தல் ஆவுடை அக்காவுக்குத் தெரிஞ்சிரும். நான் ஒண்ணு செய்வேன். கீழ பாப்பேன். நல்லா உத்துப் பாப்பேன். இப்ப விழுந்தா எந்த எலும்பு முதல்ல உடையும்னு நினைப்பேன். அவ்வளவுதான், சத்தம் தன்னால வந்துரும்.”

“கீழ பாக்கணும். எலும்பை நினைக்கணும்,” என்றார் வானமாமலை. “பிரமாதமான வித்தைதான், போவும்.”

துண்டு படபடக்க உயரே போனார்.

*

மறுநாள் காலையில் ஒத்தைப்பாறை உச்சியில் வானமாமலை உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை.

மத்தியானமும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலமும் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

“தவத்துல உக்காந்துட்டாரு,” என்றார் மாசானமுத்து, குரலைத் தாழ்த்தி.

அடுத்த நாள் விடிந்ததும் அடிவாரத்து ஜனங்கள் சூடம், பூ, பழத்தோடு மலையேறி வந்துவிட்டார்கள். பாறைக்குக் கீழே ஒரு பெண் குலவை போட்டாள். ஒருவர் சுக்குக்காப்பி விற்றார். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் காற்றிலும் மேலே வானமாமலை சிலை மாதிரி இருந்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்தது.

பிச்சையாவும் அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு மெய்சிலிர்க்கவில்லை. அவன் பார்வை கால்களுக்குப் போனது.

வானமாமலையின் கால் கட்டைவிரல்கள் பாறை இடுக்கில் கொக்கி போட்டிருந்தன.

அந்தக் கட்டைவிரல்களை அவனுக்குத் தெரியும். மலை விளிம்பில் தொங்கும்போது தன் கால்களில் தினமும் பார்த்தவைதான் அவை. தவம் செய்கிறவன் காலைத் தளர விடுவான். பயந்தவன்தான் இப்படிப் பிடித்துக்கொள்வான்.

‘கீழே பார்த்துவிட்டார்,’ என்று நினைத்தான். ‘நான் சொல்லித்தான் பார்த்தார்.’

மாசானமுத்துவிடம் ஓடினான்.

“அண்ணாச்சி, அவரு தவத்துல இல்ல. பயந்துபோயி இருக்காரு. இறக்குங்க.”

“யாரு, வானமாமலையா? பயமா?” மாசானமுத்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். “வாயைக் கழுவும்வே. அப்படியே இருந்தாலும் அவரு கத்தலையே?”

ஆவுடையிடம் ஓடினான்.

“ஒரு சத்தமும் இல்லையே தம்பி. மூச்சுச் சத்தம் கேக்கு. கொஞ்சம் வேகமா கேக்கு. தவத்துல அப்படித்தான் வரும்போல.”

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பறக்கிறவனுக்கும் பயம் வரும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பிச்சையா கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். பாறை அடியில் நின்று, மேலே கையைக் காட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“ஐயோ, காப்பாத்துங்க!”

கண்மூடித் திறப்பதற்குள் வீரர்கள் பாய்ந்து வந்தார்கள். மாசானமுத்து பிச்சையாவைத் தூக்கினார். நாலு எட்டுத் தள்ளி, புல்தரையில் பத்திரமாக உட்காரவைத்தார். யாரோ கண்ணுக்குத் தெரியாத கையால் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

கூட்டம் கைதட்டியது.

*

“அம்மா, வானமாமலை அண்ணாச்சி பயந்து கிடக்காரு.”

“அவன் சொன்னானா?”

“இல்ல.”

“பின்ன?”

“கால் விரலைப் பாத்தேன்.”

அம்மாவின் கை வெங்காயத்தின் மேல் நின்றது. எழுந்தாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். ஒரு துண்டு கருப்பட்டியைக் காகிதத்தில் மடித்தாள். இரண்டையும் அவன் கையில் வைத்தாள்.

“எனக்குப் பறக்கத் தெரியாதே அம்மா.”

அம்மா மறுபடி உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தாள்.

*

ஒத்தைப்பாறையின் வடக்குப் பக்கம் ஒரு வெடிப்பு உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் பாதி வரைக்கும் ஏறுவார்கள். அதற்கு மேல் ஆடும் ஏறாது.

பிச்சையா ஏறினான். முழங்கால் தேய்ந்தது. வேட்டி கிழிந்தது. பாதியில் நின்று, திரும்பிவிடலாமா என்று நினைத்தான். ஏறுவது தெரிந்ததே தவிர, இறங்குவது எப்படி என்று தெரியவில்லை. அதனால் மேலேயே போனான். வழியெல்லாம் கத்த வேண்டும் போலிருந்தது. கருப்பட்டிக் காகிதத்தைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

உச்சி ஒரு கட்டில் அகலம்தான் இருந்தது. வானமாமலை நடுவில் இருந்தார். உதடு வெடித்திருந்தது.

“எதுக்குவே வந்தீரு?” குரல் கரகரத்தது.

“சும்மாதான் அண்ணாச்சி. தவமா?”

“ஆமா.”

“செய்யுங்க, செய்யுங்க.”

பிச்சையா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். தண்ணீரை நீட்டினான். வானமாமலை ஒரு கையை மட்டும் பாறையிலிருந்து எடுத்து, பாட்டிலை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

காற்று வீசியது. கீழே குலவைச் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. உங்க கையைப் பிடிச்சுக்கிடட்டுமா?”

வானமாமலை கையைக் கொடுத்தார். அது ஜில்லென்று இருந்தது. பிடித்த பிடியில் பிச்சையாவின் விரல் எலும்பு நெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து வானமாமலை சொன்னார்: “நீரு சொன்னபடி கீழ பாத்தேன்.”

“ம்.”

“எவ்வளவு தூரம்வே! வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி கிடக்கு.”

“எப்பவும் அப்படித்தானே அண்ணாச்சி இருக்கும்?”

“நான் உத்துப் பாத்ததே இல்லைவே. நேரா முன்னாலதான் பாத்துப் பறப்பேன். இப்பக் கண்ணை மூடினாலும் அதான் தெரியுது. உடம்பு எழும்ப மாட்டேங்குது.”

“தப்பு என் பேர்ல அண்ணாச்சி. நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“உம்மால என்னை இறக்க முடியுமா?”

“முடியாது.”

“நீரு எப்படி இறங்குவீரு?”

“தெரியல.”

“பின்ன என்ன எழவுக்குவே ஏறி வந்தீரு?”

பிச்சையா யோசித்தான். “தனியா உக்காந்து பயப்படுறது ரொம்பக் கஷ்டம் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்.”

வானமாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

“கத்துங்க அண்ணாச்சி. மாசானம் அண்ணாச்சி கீழதான் நிக்காரு.”

“நீரே கத்தும். உம்ம தொழில்தானே?”

“நான் கத்தினா என்னைத்தான் இறக்குவாங்க. கீழ ஒருதரம் கத்திப் பாத்துட்டேன். புல்லுல உக்கார வச்சுட்டுப் போறாங்க. நீங்கதான் கத்தணும்.”

வானமாமலை தொண்டையைக் கனைத்தார்.

“யாராவது... சௌகரியப்பட்டா...”

“கேக்காது அண்ணாச்சி.”

இன்னொரு தரம் மூச்சு இழுத்தார். நெஞ்சு நிமிர்ந்தது. “இதோ! வானமாமலை பேசுகிறேன்!”

கீழே கூட்டம் ஆரவாரித்தது. இன்னும் நாலு சூடம் கொளுத்தினார்கள்.

“இது மைக் முன்னால பேசுறது. காப்பாத்துங்கன்னு சொல்லுங்க.”

“கா...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி, “கா...” என்றார். பக்கத்துப் பாறையில் இருந்த காக்கா திரும்பிப் பார்த்தது.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை. எத்தனை பேரைத் தூக்கியவர்! எத்தனை பேர் இவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் இவர் வாய்க்கு அது புது வார்த்தை.

“கீழ மாசானம் நிக்கான்,” என்றார் மெதுவாக. “ஆவுடை நிக்கா. சிரிப்பாங்கவே.”

“சிரிப்பாங்க,” என்றான் பிச்சையா.

வானமாமலை திடுக்கிட்டுப் பார்த்தார். ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்தார் போல.

“நல்லாச் சிரிப்பாங்க. நான் கிணத்துல கிடக்கையில மேல நின்னு எப்படிச் சிரிப்பீங்க? அது மாதிரித்தான். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்னைத் தூக்காம போனதில்ல. சிரிச்சுக்கிட்டே தூக்கிருவீங்க.”

வானமாமலை மறுபடி வாயைத் திறந்தார்.

அப்போது அந்தக் காற்று வந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து லாரி மாதிரி வந்து மோதியது. வானமாமலையின் கழுத்துத் துண்டு விரிந்து, அவரை இழுத்தது. கட்டைவிரல் இடுக்கிலிருந்து விடுபட்டது. பிச்சையா பாய்ந்து துண்டைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவனுடைய கால்கள் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டன. வயிறு பாறையில் கிடந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அவனுக்குக் கத்தல் வந்தது. பழகின கத்தல் இல்லை, உயிர்க் கத்தல். அது நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, பல் வரைக்கும் வந்துவிட்டது.

இப்போது கத்தினால் வருவார்கள். அவனை மட்டும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பிச்சையா வாயைப் பாறையில் அழுத்தி மூடிக்கொண்டான்.

வானமாமலை அதைப் பார்த்தார். கத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன், கண்ணில் நீர் வழிய, உதட்டில் ரத்தம் வர, ஒரு சத்தமும் வெளியே விடாமல் தன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்தார்.

“ஐயோ!” என்றார் வானமாமலை.

நாரைமலை முழுக்கக் கேட்டது.

“ஐயோ, ஓடி வாங்க! மாசானம்! ஆவுடை! எங்களைக் காப்பாத்துங்க!”

பிச்சையா தன் தொழிலில் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

*

மாசானமுத்து பாறையில் கையைக் குத்திப் படி செய்துகொண்டே ஏறி வந்தார். தோளுக்கு ஒருவராக இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஜனங்கள் சூடத்தை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

ஆவுடைதான் முதலில் சிரித்தார். பிறகு மாசானமுத்து சிரித்தார். காற்றில் ஓர் இடத்திலிருந்து இசக்கியும் சிரித்தார்.

“கா, கான்னு காக்கா மாதிரி கேட்டுச்சே, அது நீங்கதானா?” என்றார் ஆவுடை.

“நான்தான்,” என்றார் வானமாமலை.

சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் மடத்துக்கு நடந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பல இலைகளில் சோறு அப்படியே மீந்துபோயிற்று.

*

காலையில் அம்மா கூப்பிட்டனுப்பினாள்.

பிச்சையா நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உதடு வீங்கியிருந்தது.

“ஆள் கிடைச்சுதா?”

“இல்ல அம்மா. இன்னைக்குத் திரும்பப் போய்த் தேடுதேன்.”

“தேட வேண்டாம். வானமாமலை விடியுமுன்னமே வந்துட்டான். உன் வேலைய அவன் பாக்கானாம்.”

“அண்ணாச்சியா? பறக்கலையா?”

“பறக்கான். தென்னைமர உசரத்துக்குப் பறந்து காட்டிட்டுத்தான் கேட்டான்.”

பிச்சையாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது வந்தேவிட்டது.

அம்மா மூடிய கையை நீட்டினாள். “வா. என்ன சக்தி வேணும், சொல்லு. பறக்கவா? பாறை உடைக்கவா? எதுன்னாலும் தாரேன். நீயும் ஒருத்தரைக் காப்பாத்தணும்னு கேட்டேல்லா?”

அவன் முழங்காலில் நகர்ந்து அவள் பக்கத்தில் போனான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினான். எதைக் கேட்பது என்று ஒரு நிமிஷம் தடுமாறினான். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு ஞாபகத்துக்கு வந்தது.

வெளியே யாரோ இருமினார்கள்.

பிச்சையா திரும்பிப் பார்த்தான்.

வாசலில் வீரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆவுடைத்தங்கம் நின்றார், பல நாள் தூங்காத கண். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, மற்றவர்கள் நின்றார்கள். அந்தக் காலி இடத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

எல்லோருக்கும் முன்னால் மாசானமுத்து நின்றார். துண்டைக் கழுத்திலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். இன்னொரு கை இடுப்பில் இருந்தது. பிச்சையாவைப் பார்த்து வாயைத் திறந்தார். “கா...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

பிச்சையா எழுந்துவிட்டான். நொண்டியபடியே வாசலுக்குப் போய், மாசானமுத்துவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா கையை நீட்டியபடியே இருந்தாள்.

“ஏ பிச்சையா! சக்தி?”

“வச்சிருங்க அம்மா,” என்றான் பிச்சையா, திரும்பாமல். “அண்ணாச்சிக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி போலிருக்கு.”